எந்தப் படம்?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்ப்பாட்டும் ஆர்மோனியமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து வைத்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. நானும் அவரிடம் படித்தவன். தம் பெயரைப் பலகையில்கூட எழுத விடாதவர் அவர். எங்களுக்கு அவர் டீச்சர். அந்த ஒரு சொல்லாலேயே அவரை வணங்கிவிட்டுத் தொடங்குகிறேன்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு நம் வானகரம் மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் விசேஷம், மொத்தமாக வஞ்சிரம் வாங்கப் போயிருந்தேன். லாரியிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி பாடிக்கொண்டே வேலை செய்தான். பெட்டி தரையில் இறங்கும் சத்தம்தான் அவனுக்குத் தாளம். பாட்டில் அவன் அம்மா வந்தார். மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வந்தது. நனையாமல் இருக்கக் கட்டில் மேல் ஏற்றி வைத்த மிக்ஸி வந்தது. பெட்டியைத் தூக்கும்போது அவன் மூச்சுப் பிடிக்கும் இடத்தில் பாட்டும் நின்று மூச்சுப் பிடித்தது. பக்கத்தில் போய், “எந்தப் படம் தம்பி?” என்று கேட்டேன். உடனே பாட்டு நின்றுவிட்டது. “படம்லாம் இல்ல சார். சும்மா, நானா பாடுறது” என்றான்.

அந்தச் ‘சும்மா’ என்னை விடவே இல்லை. தானே கட்டிய பாட்டை ஒருவன் ஏன் திருட்டுப் பொருளைப் போல மறைக்க வேண்டும்? நான் கேட்ட கேள்விதான் காரணம். தமிழில் ஒரு பாட்டைக் கேட்டால் நம் வாய் தானாகக் கேட்பது ‘எந்தப் படம்?’ என்பதையே. பாட்டு என்றால் அதற்கு ஒரு படம் இருந்தாக வேண்டும், அந்தப் பாட்டில் வரும் ‘நான்’ ஒரு கதாநாயகனுடையதாக இருந்தாக வேண்டும் என்று நம் காது பழகிவிட்டது. அந்தப் பழக்கத்துக்கு வெளியே நின்று ஒரு தமிழ்ப் பெண் போட்ட முதல் ஆல்பத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆல்பத்தின் பெயர் ‘சால்ட் ரெயின்’. உப்பு மழை. ஆண்டு 2001. பாடியவர் சுசீலா ராமன்.

அவரிடம் போவதற்கு முன்னால் ஒரு சொல்லை நினைவுபடுத்துகிறேன். ஆங்கிலத்தில் ‘சிங்கர் சாங்ரைட்டர்’ என்கிறார்கள். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர். இது வெளியூர்ச் சரக்கு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம்மிடம் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: வாக்கேயக்காரர். வாக்கும் அவருடையது, கேயமும் அவருடையது. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் அப்படிப்பட்டவர்கள். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகச் செய்த கோபாலகிருஷ்ண பாரதியார் அப்படிப்பட்டவர். சுப்பிரமணிய பாரதியும் தம் பாட்டுக்குத் தாமே ராகம் குறித்து, தாமே உரக்கப் பாடியவர்தான். இவர்களில் பலர் பாட்டின் கடைசியில் தம் முத்திரையை வைத்தார்கள். தீட்சிதர் ‘குருகுக’ என்று வைத்தார். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். இந்தப் பாட்டில் பேசுகிறவன் நான், இதற்கு நானே பொறுப்பு என்ற கையெழுத்து அது. நம் சென்னைக் கானாக்காரர்கள் இன்றைக்கும் பாட்டுக்குள் தம் பெயரையும் பேட்டையையும் போட்டுக்கொள்கிறார்களே, அதுவும் முத்திரைதான்.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்தது. சினிமாவில் பாட்டு குடியேறியது. முதலில் பாபநாசம் சிவன் போன்ற வாக்கேயக்காரர்களே சினிமாவுக்கும் எழுதி மெட்டுப் போட்டார்கள். பின்னணிப் பாடல் நிலைத்த பிறகு வேலை மூன்றாகப் பிரிந்தது. எழுதுகிறவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர். வாயசைப்பவர் நாலாவது ஆள். இந்த ஏற்பாட்டில் பிறந்த பாட்டுகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். கண்ணதாசனும் விஸ்வநாதனும் சௌந்தரராஜனும் சேர்ந்த இடத்தில் என் பாதி வாழ்க்கை இருக்கிறது. ஆனாலும் ஒன்றை இழந்தோம். ‘இது என் பாட்டு’ என்று ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று சொல்வதற்கான இடம் சுருங்கிப்போனது. பாவலர் வரதராசனைப் போன்றவர்கள் கட்சி மேடைகளில் தம் பாட்டைத் தாமே பாடி ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் குழுவில் ஆர்மோனியம் பிடித்துப் போன தம்பிதான் பின்னாளில் இளையராஜா. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு தம் பாட்டைத் தாமே கட்டிப் பாடி இலங்கை முழுவதும் கேட்க வைத்தார். இடம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் அது ஒண்டுக்குடித்தனம்.

சுசீலா ராமன் 1973-இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத் தமிழர்கள். அவருக்கு நாலு வயதாகும்போது குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சிட்னியில் வளர்ந்தார். வீட்டில் கர்நாடக சங்கீதம் பாடப் பழகினார். வெளியே பதின்பருவத்தில் ராக் குழு வைத்துப் பாடினார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அதை யாரும் திறந்துவிடவில்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் இது வழக்கம்தான்: பூஜை அறைக்கு ஒரு குரல், தெருவுக்கு ஒரு குரல். 1995-இல் இந்தியா வந்து சுருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு கற்றார். பிறகு இங்கிலாந்து போய், கிட்டார் வாசிப்பவரும் தயாரிப்பாளருமான சாம் மில்ஸோடு சேர்ந்து வேலை செய்தார். சாம் மில்ஸ் அதற்கு முன் வங்காளத்து பவுல் பாடகர் பபன் தாஸோடு ‘ரியல் சுகர்’ என்ற ஆல்பம் செய்தவர். நாட்டுப்புறக் குரலுக்கு எவ்வளவு வாசிக்க வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

‘சால்ட் ரெயின்’ அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வெளியீடு. நிறுவனத்தின் பெயர் நாரதா. கடைகளில் அதை ‘உலக இசை’ என்ற அலமாரியில் வைத்தார்கள். அந்த அலமாரிப் பெயர் எனக்குப் பிடிக்காது. லண்டன், நியூயார்க் தவிர மீதி பூமி முழுவதையும் ஒரே தட்டில் அடைக்கிற பெயர் அது. என் காதுக்கு அந்த ஆல்பத்தின் எலும்புக்கூடு ஃபோக் ராக்தான். மின்சாரம் ஏறாத கிட்டார் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக் கேமரூன்காரர் இலேர் பெண்டாவின் பாஸ், கினி-பிசாவ் நாட்டு ஜானுனோ தாபோவின் தாளம், ஆரிஃப் துர்வேஷின் தபலா. அந்த எலும்பின் மேல் அவர் போட்ட சதையில்தான் ஆச்சரியம். தாமும் மில்ஸும் கட்டிய ஆங்கிலப் பாட்டுகளுக்கு நடுவில் தீட்சிதரின் ‘மகாகணபதிம்’ வருகிறது, தியாகராஜரின் ‘நகுமோமு’ வருகிறது. இன்னொரு பக்கம் டிம் பக்லியின் ‘சாங் டு தி சைரன்’. 1966-இல் ஃபோக் ராக் ஆல்பத்தோடு தொடங்கி 28 வயதில் இறந்துபோன அமெரிக்கர் பக்லி. தஞ்சாவூரும் கலிபோர்னியாவும் ஒரே வட்டில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

இது எப்படிப் பொருந்துகிறது? எல்லாரும் ‘கலவை’, ‘சங்கமம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதாது. நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தேன்.

(இங்கே சொற்பொழிவாளர் கிட்டாரில் வாசித்துக் காட்டினார்.)

இந்த ஒரே கம்பியைப் பாருங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருவது ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். ‘மகாகணபதிம்’ நாட்டை ராகம். நாட்டையின் ரிஷபம் ஷட்சுருதி ரிஷபம். அது மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. காந்தாரம் அந்தர காந்தாரம். அது நாலாவது ஃப்ரெட்டில். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சுரங்கள். மேற்கத்தியக் காதுக்கு அந்த மூன்றாவது இடம் சோகத்தின் காந்தாரம், நாலாவது இடம் மகிழ்ச்சியின் காந்தாரம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை உயிர் வாழ்வதே இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில்தான். கம்பியை இப்படி மெல்ல இழுத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்குவார்கள். நம் நாட்டையில் அந்த இரண்டும் உரிமையோடு ஒரே வீட்டில் இருக்கின்றன. சிட்னியில் ராக் பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அம்மா வீட்டுக் கீர்த்தனையின் முதல் வரியிலேயே தன் தெருவின் சத்தம் கேட்டிருக்கும் என்றே நம்புகிறேன். தாளமும் ஏகம். நாலு நாலாக எண்ணும் ராக் தாளத்துக்குள் அது இடிபடாமல் உட்காருகிறது.

‘நகுமோமு’ இன்னும் அதிசயம். ஆபேரியின் ஆரோகணத்தை இதே கம்பியில் பிடித்துப் போகிறேன்: அழுத்தாத கம்பி, மூன்று, ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு. ச க ம ப நி ச. பின்வரிசையில் கிட்டார் கற்கிற பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், ராக் வாசிக்க வருகிற எந்தப் பையனுக்கும் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற ஐந்து சுர ஏணி இதுதான். உலகம் முழுக்க எத்தனை மாடியறைகளில் எத்தனை பிள்ளைகள் தெரியாமலேயே ஆபேரியில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்! இறங்கும்போதுதான் வித்தியாசம். தைவதமும் ரிஷபமும் சேர்ந்துகொள்ள, அந்த ஏணி ராகமாகிறது.

ஆபத்தும் இங்கேதான். கிட்டாரில் கார்ட் என்று மூன்று நாலு சுரத்தைச் சேர்த்து அடிக்கிறோம். கார்ட் மாற மாற, பாடுகிற சுரத்தின் நிறமும் மாறும். தம்புரா அப்படிச் செய்யாது. அது தரை போல அசையாமல் கிடக்கும். கீர்த்தனைக்குக் கண்டபடி கார்ட் போட்டால் ராகம் சினிமா மெட்டாகிவிடும். நானே அந்தத் தப்பைப் பல வருஷம் செய்திருக்கிறேன். இந்த ஆல்பத்தில் கிட்டார் அதிகமாக ஓடியாடவில்லை. ஒரு சிறு சுற்றைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. தம்புராவின் வேலையைக் கிட்டார் தாளத்தோடு செய்கிறது என்று சொல்லலாம். குரல் அதன் மேல் நடக்கிறது. கச்சேரி வயலினைப் போலப் பின்னாலேயே வந்து ஒவ்வொரு சுரத்தையும் திருப்பிச் சொல்வதில்லை.

இருபது வயதில் நானும் ஒரு போட்டி மேடையில் கிட்டாரோடு ‘நகுமோமு’ பாடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய அப்பா மூன்று மாத ஓவர்டைமில் வாங்கித் தந்த கிட்டார் அது. பல்லவி முடிவதற்குள் நடுவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாடு, இல்லையென்றால் இறங்கு என்றார். இறங்கிவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் பூந்தமல்லி ஹைரோடு முழுக்க டீச்சர் பேசவே இல்லை. இறங்கும்போது சொன்னார்: “அவர் சொன்னது தப்புடா. ஆனா உன் ரெண்டாவது கம்பி சுருதி சேரல. அதுவும் தப்பு.” அடுத்த வாரம் ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டுக் கிட்டாருக்கே சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த நடுவரிடம் அன்று சொல்லத் தெரியாமல் போனதை இப்போது சொல்கிறேன். ‘மகாகணபதிம்’ பாடிய தீட்சிதர் யார்? இளமையில் நம் சென்னை மணலியில், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தவர். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய்க் கம்பெனிப் பட்டாளத்து பேண்டு வாசிப்பைக் கேட்டார். அந்த வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். ‘நோட்டு சுரம்’ என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதான். இங்கிலாந்து அரசனை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றில் ஒன்று. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்த வயலின் இல்லாமல் இன்று கச்சேரி உண்டா? 1893-இல் சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிகளில் எழுதி அச்சிட்டார். கதவு திறந்தே இருந்த வீடு இது. நடுவில் யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

சுசீலா ராமனின் கீர்த்தனைகளில் எனக்குக் குறையும் உண்டு. சாகித்தியச் சொற்கள் சில இடங்களில் மங்கிவிடுகின்றன. சங்கதிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகும் கச்சேரி இன்பம் இதில் கிடைக்காது. அதைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் வேறொன்று கிடைக்கிறது. இரண்டு குரலாக வளர்ந்த ஒரு பெண் ஒரே குரலாகிறார்.

முதல் ஆல்பம் என்பதே அப்படிப்பட்ட பொருள்தான் என்று தோன்றுகிறது. பாப் டிலனை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எழுதியே 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் வாங்கியவர். அவருடைய முதல் ஆல்பம் 1962 மார்ச்சில் வந்தது. மொத்தம் 13 பாட்டு. அதில் அவர் எழுதியவை எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. மீதி எல்லாம் பழைய நாட்டுப்புறப் பாட்டும் புளூஸும். அதுவும் சரியாக விற்கவில்லை. அவரைக் கூட்டிவந்த தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் முட்டாள்தனம் என்று கம்பெனிக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அவர் தம் பாட்டுகளோடு வந்தார். அந்த 11 பழைய பாட்டுகள் இல்லாமல் அடுத்தவை வந்திருக்காது. முன்னோர் பாட்டைத் தன் தொண்டையில் போட்டுப் பார்க்கும்போதுதான் தன் தொண்டை எது என்று தெரிகிறது. நாட்டை அந்தத் தொண்டைக்குள் போய் வந்த பிறகு, சுசீலா ராமனின் சொந்த ஆங்கிலப் பாட்டுகளிலும் ஓர் இழுப்பு, ஒரு வழுக்கல் வந்து சேர்ந்திருப்பதைக் கேட்கலாம். ‘சால்ட் ரெயின்’ என்ற தலைப்புப் பாட்டை இரவில், பைபாஸ் லாரிச் சத்தம் ஓய்ந்த பிறகு, கேட்டுப் பாருங்கள். அந்த மழை கண்ணீரா கடலா என்பதை உங்கள் காதுக்கே விட்டுவிடுகிறேன்.

பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் ‘சால்ட் ரெயின்’ இடம்பெற்றது. ரேடியோஹெட் போன்ற பெரும்புள்ளிகள் இருந்த பட்டியல். பரிசு அறிவித்த நாள் 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த அதே நாள். பரிசு பெற்ற பி.ஜே. ஹார்வி அன்று வாஷிங்டனில் இருந்தார். தொலைபேசியில்தான் பேச முடிந்தது. உலகம் அன்றைக்குப் பாட்டுக் கேட்கும் நிலையில் இல்லை. 2002-இல் பிபிசி வானொலியின் உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகம் என்ற விருது சுசீலா ராமனுக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் போன திசைதான் எனக்கு முக்கியம். 2005-இல் வந்த ‘மியூசிக் ஃபார் குரோகடைல்ஸ்’ ஆல்பத்தில் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவு செய்தார். 2011-இல் வந்த ஆல்பத்துக்கு ‘வேல்’ என்று பெயர். கோவை கமலாவின் முருகன் பாட்டுகளில் மனம் பறிகொடுத்து, அந்த உரத்த, உடைந்த, அருள் வந்த குரலைத் தேடிப் போனார். கிருதியில் தொடங்கியவர், காவடி எடுக்கும் கூட்டத்தின் பாட்டுக்கு வந்து சேர்ந்தார். நம் ஊர்த் திருவிழா மைக்செட்டில் ஆடி மாதம் முழுக்கக் கேட்கிற குரல்வகை அது. அதன் அருமை நமக்குத் தெரிய, லண்டனிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இங்கேயும் காற்று மாறுகிறது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். பாடிய ஒவ்வொருவரும் தம் தெருவை, தம் பாட்டனை, தம் கோபத்தைப் பாடினார்கள். என் பக்கத்தில் நின்றவர்கள் யாரும் ‘எந்தப் படம்?’ என்று கேட்கவில்லை.

ஒரு முதல் ஆல்பம் போட இன்றைக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. போனிலேயே பதிவு செய்யலாம். இந்த மன்றத்தின் பின்னறையில், டீச்சர் ஆர்மோனியம் வைத்திருந்த அதே அறையில், சுவரில் பழைய கம்பளியை அடித்து, ஒரு மைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறோம். அறக்கட்டளையின் இந்த ஆண்டு வட்டிப் பணம் அதற்குத்தான் போயிருக்கிறது. பவர்பிரஸ் சத்தம் கேட்கும். பதிவில் அது விழுந்தால் விழட்டும். வானகரத்தில் பாடியது வானகரத்தில் பாடியதாகவே கேட்கட்டும்.

மீன் மார்க்கெட்டில் பார்த்த தம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி வேலை முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறான். என் நேரத்தில் இன்னும் பத்து நிமிஷம் மீதி இருக்கிறது. அதை அவனுக்குக் கொடுக்கிறேன். மழைத்தண்ணியும் மிக்ஸியும் வருகிற அந்தப் பாட்டுக்கு மூன்றாவது அடி போன வாரம்தான் எழுதினானாம். அவன் குரலுக்கு என் சுருதி உயரம். தம்பி, அரைக் கட்டை இறக்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது கம்பியும் சேர்ந்திருக்கிறது. வா, ஏறி வா.